என் பக்கம் பேசியவர் எழுதியது

வீட்டில் இணையம் இல்லாத அந்தக் காலத்தில் வானொலி ஆர்வலர்களின் இணையக் குழு ஒன்றில் நான் உறுப்பினர். தல்லாகுளத்தில் வீட்டருகே இருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எழுதுவேன். திருமங்கலத்து உறுப்பினர் ஒருவர், தானே செய்த டிரான்ஸ்மிட்டரில் லைசன்ஸ் இல்லாமல் ஊருக்குப் பாட்டு ஒலிபரப்பினார். அது சட்டவிரோதம், நிறுத்துங்கள் என்று வாரக்கணக்கில் அவரோடு மல்லுக்கு நின்றேன்.

ஒருநாள் என் பக்கம் பேசிய இன்னொருவர், "அந்தத் திருமங்கலத்துக்காரர் அடிதடி கேஸில் ஜெயிலுக்குப் போனவர்" என்று போட்டு உடைத்தார். குழுவே திருமங்கலத்துக்காரர்மேல் பாய்ந்தது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துச் சும்மா இருந்தேன்.

அடுத்த வாரம் திருமங்கலத்துக்காரரே போன் செய்தார். "அண்ணே, லைசன்ஸ் விசயத்துல நீங்க சொன்னது சரிதான். மிஷினை அமத்திட்டேன். ஆனா அந்தத் தண்டனைய நான் அனுபவிச்சு முடிச்சுட்டேன்ல? இப்ப குழுவுல போட்ட அந்தப் பதிவை பிரிண்ட் எடுத்து எம் மக காலேஜ்ல ஒட்டியிருக்காய்ங்க. பிள்ளை காலேஜுக்கே போக மாட்டேங்குது."

போனை வைத்த கையோடு பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். அந்தப் பதிவை நீக்காவிட்டால் வெளியேறுவேன் என்று எழுதினேன். நீக்கினார்கள். காலேஜ் சுவரில் படித்தவர்கள் மனதிலிருந்து யார் நீக்குவது?

இப்போதும் வாதம் செய்கிறேன், விட்டுக்கொடுப்பதில்லை. ஆனால் என் பக்கம் பேசுபவர் வரம்பு மீறினால், முதல் எதிர்ப்பு என்னுடையதுதான்.