கழுவிய குட்டி

வங்காளத்தின் டாக்குரியாவில் ரயில் பாதையை ஒட்டிய எங்கள் அடுக்ககத்தின் மாடிப்படிகளைப் பெருக்க வரும் வங்காளிப் பெண் ஆடுகளும் வளர்க்கிறாள். இரண்டு குளிர்காலங்களுக்கு முன் ஒரு காலை, அவற்றுள் ஒன்று எங்கள் படிக்கட்டின் அடியில் இரண்டு குட்டிகளை ஈன்றது. முதல் குட்டி எழுந்து மடியைத் தேடிற்று. இரண்டாவதற்கு முன்னங்கால்கள் கணுவில் மடங்கியிருந்தன. எழ முயன்றபோதெல்லாம் முகம் தரையில் மோதியது.

"இது தேறாது, மேஷோமொஷாய்," என்றாள். என்னை அவள் அப்படித்தான் மரியாதையாக அழைப்பாள்.

அண்டை வீட்டார் சிலர் கூடிவிட்டிருந்தனர். "சிம்பு வைத்துக் கட்டினால் கால் நிமிரும். நான் பார்த்துக்கொள்கிறேன்," என்று சொல்லிவிட்டேன்.

"சைவ வீட்ல மட்டன் வளருதா, அண்ணா? பெரிசானதும் எங்களையும் கூப்பிடுங்க!" என்றார் மேல்மாடிக்காரர். நான் சிரிக்கவில்லை. வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். சொன்னதைத் திரும்பப் பெறும் வழக்கம் எனக்கு இருந்ததில்லை.

"குட்டி மேல தண்ணி மட்டும் படக் கூடாது," என்று கூறிவிட்டு அவள் அடுத்த வீட்டு வேலைக்குப் போனாள்.

வாசலில் மனைவி வழிமறித்தாள். "இந்தத் தீட்டோடயா ஆத்துக்குள்ள? குளிப்பாட்டி எடுத்துண்டு வாங்கோ."

பிரசவத் தீட்டு எங்கள் வீட்டில் நீரால்தான் கழியும். ஆட்டுக்கு அது பொருந்துமா என்று நான் யோசிக்கவில்லை. வெந்நீரும் சோப்பும் கொண்டு நன்றாகக் கழுவித் துவட்டினேன். மூங்கில் சிம்பு வைத்து, பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினேன். பின்பு தாயிடம் கொண்டுபோய் விட்டேன். அது ஒரு முறை முகர்ந்து பார்த்தது. தலையைத் தாழ்த்தி முட்டித் தள்ளியது. மறுபடி விட்டேன், மறுபடியும் முட்டியது.

நண்பகலில் அவள் திரும்பி வந்து, தாய் முட்டுவதைப் பார்த்தாள். "குளிப்பாட்டினீங்களா?"

மேல்மாடிக்காரர் அருகில் நின்றிருந்தார்.

"இல்லை. துணியால் துடைத்தேன்."

"கழுவியிருந்தா வாசனை போயிருக்கும், அதனால முட்டும். தாயைக் கட்டிப்போட்டு, அதோட பாலையே குட்டி முதுகுல தடவினா ஏத்துக்கும். கழுவாமலே முட்டுதுன்னா உள்ளேயே கோளாறு. தாய்க்குத் தெரியும். இதுக்குப் பாலை விட்டு மத்ததையும் கெடுக்கக் கூடாது."

அவள் தாயையும் மற்றக் குட்டியையும் ஓட்டிக்கொண்டு செல்லும் வரை எனக்கு அவகாசம் இருந்தது. ஒரு சொல் போதுமாயிருந்தது. நான் குட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனேன்.

மருந்துக் கடையில் பால் புட்டி வாங்கினேன். "பேரனா, பேத்தியா?" என்று விசாரித்தார் கடைக்காரர். பேரன் என்றேன். சீம்பால் குடிக்காத வயிற்றுக்குப் பாக்கெட் பால் ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாளே கழிச்சல் கண்டது. மூன்றாம் நாள் காலை கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். கால்கள் நிமிர்ந்திருந்தன. பிடித்து நிறுத்தியபோது நின்றது. விட்டதும் பக்கவாட்டில் சரிந்தது. அதன்பின் புட்டியை வாயில் வைத்தால் பால் வெளியே வழிந்தது. பதினோரு மணிக்குள் மூச்சு நின்றுவிட்டது.

செத்த குட்டியை எடுத்துப் போக அவள் சாக்குப் பையோடு வந்தாள். படியில் நின்றவர்களிடம், "பெத்த தாயே வேண்டாம்னு தள்ளினதை இவர் மூணு நாள் வெச்சுக் காப்பாத்தினார்," என்றாள். மேல்மாடிக்காரர் இம்முறை கைகூப்பினார்.

நான் தலையை அசைத்து அதை ஏற்றுக்கொண்டேன்.