அத்தான் ஏற்றிய அரை லட்சம்

“ஒம்பதர!” என்று அத்தான் போட்ட சத்தத்தில், போர்ட்டிகோவில் படுத்துக்கிடந்த நாய் எழுந்து தெருவுக்கு ஓடிப்போனது. இன்றும் என் காதில் நிற்கிற சத்தம் அது. காரை விலைக்குக் கேட்டுப் போனவன் நான். ஒன்பது லட்சம் என்று சொல்லி வாயை மூடவில்லை, எனக்காகப் பேச வந்த என் அக்காவின் கணவர் எனக்கு எதிராகவே ஒன்பதரை என்று கூவிவிட்டார்.

வளைகுடாவில் பல வருடம் பிறத்தியார் வண்டிகளை ஓட்டிவிட்டு ஊருக்கு வந்திருந்தேன். நாகர்கோவிலில் பழைய கார் வாங்கி விற்க இடம் பிடித்தாகிவிட்டது. முதல் வண்டிதான் அமையவில்லை. அப்போதுதான் கன்னியாகுமரிக்குப் பக்கத்தில், கப்பலில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை விற்கப்போவதாகத் தெரிந்தது. இரண்டே சீட்டு. தரையோடு தரையாகப் பதுங்கி நிற்கும் வண்டி. அவருக்கு முதுகு போய்விட்டது. “ஏறணும்னா ஒரு ஆளு பிடிக்கணும், எறங்கணும்னா ரெண்டு ஆளு பிடிக்கணும்” என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

“மாப்பிளையும் பொண்ணும் ஏறியாச்சு. மாமியாரு எங்க இருப்பா?” என்று என் மனைவி கேட்டாள். கேட்டது நியாயம்தான். எங்கள் பக்கம் கார் என்றால் குடும்பமே அடைத்துக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போக வேண்டும். சாதாரணக் கார் என்றால் நாலு பேரிடம் விசாரித்து விலையைத் தெரிந்துகொள்ளலாம். இதற்கு இணை சொல்லச் சுற்றுவட்டாரத்தில் இன்னொரு வண்டி கிடையாது. அவர் ஆசைக்கு ஒரு விலை, என் பயத்துக்கு ஒரு விலை. என் கையிலிருந்த முதல் முழுவதும் இந்த ஒன்றில் இறங்கப்போகிறது. பிசகினால் மறுபடி விமானம் ஏற வேண்டியதுதான். அந்தப் பயத்தில்தான் அத்தானைக் கூட்டிப்போனேன்.

அத்தான் எங்கள் சர்ச்சில், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு ஏலம் விடுகிறவர். காணிக்கையாக வரும் வாழைக்குலை, கோழி, தேங்காய் எல்லாவற்றையும் கோயில் முற்றத்தில் நின்று கூவுவார். சந்தையில் யாரும் திரும்பிப் பார்க்காத பூசணிக்காயை ஆயிரம் ரூபாய்க்கு ஏற்றிவிடுவார்; எடுத்தவரும் முகமெல்லாம் சிரிப்பாகத் தூக்கிப்போவார். இப்படிப் பேசத் தெரிந்தவர் எனக்கும் பேசித் தருவார் என்று நம்பினேன். ஏற்றத் தெரிந்த வாய்க்கு இறக்கத் தெரியுமா என்று யோசிக்கவே இல்லை.

என்ஜினீயர் பதினாலு என்றார். நான் ஒன்பது என்றேன். அந்த இடத்தில்தான் அத்தானின் வாய் பழக்கதோஷத்தில் திறந்துகொண்டது. அடுக்களையிலிருந்து என்ஜினீயரின் மனைவி விளையாட்டாக, “பத்து!” என்று குரல் கொடுத்தார். அத்தான் அந்தப் பக்கம் திரும்பி, “பத்து, ஒரு தரம்!” என்றார்.

“அத்தான்!” என்று அலறினேன்.

என்ஜினீயர் முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அண்ணாச்சி, நீங்க ஆருக்க ஆளு? எனக்க ஆளா, அவருக்க ஆளா?”

அத்தானுக்கு வெட்கமாகிவிட்டது. “கோயில்ல ஏலம் விட்டுப் பழகின வாயாக்கும் சார். கொறச்சுக் கேக்கதுக்கு நாக்கு பொரள மாட்டேங்கு. அங்க வாங்கதவனும் விக்கதவனும் ஒரே பக்கம்லா நிப்பான்.”

சிரிப்பு அடங்கியது. என்ஜினீயர் வண்டியின் மேல்தகட்டை ஒருமுறை தடவினார். பிறகு உள்ளே போய் ஒரு பாயையும் டார்ச்சையும் கொண்டுவந்தார். “படுத்து அடியில பாருங்க. இதச் சொல்லப்பிடாதுன்னுதான் இருந்தேன். அண்ணாச்சி பேசினதக் கேட்டதும் மனசு கேக்கல்ல.”

படுத்துப் பார்த்தேன். மேலே கண்ணாடி போலப் பளபளத்த வண்டியின் அடிப்பாகத்தைக் கடல் காற்று தின்றிருந்தது. விரலால் தட்டினால் துரு உதிர்ந்தது. குனிந்து பார்த்தால் தெரியாத இடம். அங்கேயே உட்கார்ந்து திருவனந்தபுரத்தில் ஒரு பட்டறைக்குப் போன் போட்டோம். சரிசெய்ய என்ன ஆகும் என்பதை இரண்டு பேரும் சேர்ந்தே கேட்டோம். அவர் பெருமூச்சு விட்டு, “ஏழு தாருங்க, போதும்” என்றார். நான் கையை நீட்டப் போனேன்.

“ஏழர” என்றார் அத்தான், சத்தம் போடாமல். “இந்தத் தடவ வாய் தவறல்ல மாப்பிள. காட்டித் தந்தாருல்லா, அதுக்கு அர. காட்டல்லன்னா ஒனக்கு எவ்வளவு போயிருக்கும்?”

கொடுத்தேன். திரும்பும் வழியெல்லாம் எனக்கு அவர்மேல் எரிச்சல். வடசேரி வந்ததும், “ஒரு டீ குடிப்பமா?” என்றார். “நீங்க குடிங்க” என்றேன்.

வண்டியைச் சரிசெய்து, பழுது இன்னதென்று சொல்லியே ஒரு டாக்டர் தம்பதிக்கு விற்றேன். லாபம் பெரிதாக இல்லை. ஆனால் என்ஜினீயர் தன்னோடு கப்பலில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார்: “அந்த ஆளுக்க கூட ஒரு அண்ணாச்சி வருவாரு. வாங்க வந்துட்டு வெலைய ஏத்தச் சொல்லுவாரு.” கொச்சியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் ஒவ்வொரு வண்டியாக வந்தது. இன்று என் பிள்ளைகள் படிக்கிற படிப்பும் நான் நிமிர்ந்து உட்காருகிற நாற்காலியும் அந்த அரை லட்சத்தில் வந்தவை. அத்தானிடம் இதைச் சொன்னால், “போடே” என்று கையை வீசிவிடுவார்.

இப்போதும் மாலையில் கடைக்கு வந்து உட்காருவார். யாராவது விலை பேச வந்தால் அவரை டீ வாங்க அனுப்பிவிடுவேன்; இருந்தால் என் பிழைப்பு போய்விடும். பேசி முடித்ததும் அவருக்காகக் காத்திருப்பேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிகிற விலைதான் எனக்கு நியாய விலை. போன வாரம் தோவாளைப் பூ வியாபாரி ஒருவர், வெளிநாட்டுக்குப் போய்விட்ட மகனின் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார். நான் சொன்ன முதல் விலைக்கே தலையாட்டி, வண்டியை விட்டுவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார். அத்தான் டீயோடு வந்தார். விலையைச் சொன்னேன்.

“அவருக்கு இந்த வண்டிக்க வெல தெரியுமா?” என்றார்.

டீயை வைத்துவிட்டு ரோட்டுக்கு ஓடினேன். பஸ் ஸ்டாப்பில் நின்றவரிடம் மூச்சு வாங்க, கூட்டிய விலையைச் சொன்னேன். அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

“நல்லா வந்தீரு! கொறைக்கதுக்கு ஓடி வாரீருன்னுல்லா பயந்துபோனேன்.”