அரை அடிக் கம்பி எதுக்குப்பா?

ஒரு ஊர்ல ஒரு எஞ்சின் இருந்துச்சாம். அதுக்குச் சக்கரம் இருந்துச்சாம், குழாய் இருந்துச்சாம், கீழே கொளுத்த ஸ்பிரிட் விளக்கும் இருந்துச்சாம். நடுவுல போய்வர ஒரு கம்பி மட்டும் இல்லையாம். அந்த ஊர் காஞ்சிபுரம். எஞ்சின் இருப்பது எங்கள் வீட்டுப் பின்ரூமில்.

வீட்டில் எஞ்சின் செய்கிறவனுக்கு மூளை, கைத்திறன் எல்லாம் அப்புறம்தான். கடைக்காரர் "எதுக்கு?" என்று கேட்கும்போது கூசாமல் பதில் சொல்ல ஒரு முகம் வேண்டும். எனக்கு அது வாய்க்கவில்லை. நான் பேசுவது பாதி நேரம் எனக்கே கேட்காது. என்னைப் போல ஒரு துண்டு உலோகத்துக்காகக் கடை கடையாக ஏறி இறங்குகிற சகபாவிகளே, உங்களுக்கு விளக்கவா வேண்டும்?

என்னுடையது சூட்டுக்காற்று எஞ்சின். கோயில் வாசல் கடையில் வாங்கிய திரி போட்ட ஸ்பிரிட் விளக்கு எரிந்தால் குழாய்க்குள் காற்று விரியும், கம்பி முன்னும் பின்னும் போகும், சக்கரம் சுற்றும். கம்பி பென்சில் கனம், அரை அடி நீளம், நூல் பிடித்த மாதிரி நேராக, கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்க வேண்டும். ஒரு கீறல் இருந்தாலும் இறுகிக்கொள்ளும். அப்பா கெடு வைத்துவிட்டார்: "ஆடியில யாரும் புது எடத்துக்கு வரமாட்டாங்க. அதுவரைக்கும் உனக்கு டைம். ஆவணி பொறந்தும் சுத்தலன்னா பின்ரூமைப் புடவை ஸ்டாக் வைக்க வாடகைக்கு விட்டுடுவேன்."

எந்தச் சாமிக்கு?

முதலில் பாத்திரக் கடைக்குப் போனேன். வெண்கலக் கம்பியாவது கிடைக்குமா என்று கேட்டேன். கடைக்காரர் மரியாதையாக எழுந்து நின்றார்.

"எந்தக் கோயிலுக்குப்பா?"

"கோயிலுக்கு இல்ல சார். வீட்டுக்கு."

"வீட்ல எந்தச் சாமிக்கு?"

எஞ்சினுக்கு என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார். இந்த ஊரில் வெண்கலம் வாங்குகிறவனுக்கு ஒரு சாமி இருந்தே தீர வேண்டும் போலிருக்கிறது. இருந்தாலும் வியாபாரத்தை விட மனமில்லை. இடுப்பு உயரக் குத்துவிளக்கு ஒன்றைக் காட்டினார். "இதை வாங்கிக்கினு போ. தண்டை அறுத்து எஞ்சின்ல மாட்டிக்க. மேல இருக்குற அன்னப்பட்சி உனக்கு ஃப்ரீ."

எத்தனை டன்?

அடுத்து சென்னையில் ஸ்பெஷல் ஸ்டீல் விற்கும் ஒரு கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒரு பெண் குரல், தேன் மாதிரி. "சொல்லுங்க சார், எத்தனை டன் வேணும்?"

"அரை அடி."

"சார், நாங்க கட் பண்றப்போ வீணாப் போறதே அரை அடி வரும்." எனக்கு உயிர் வந்தது. அந்த வீணாய்ப் போன துண்டில் ஒன்று கொடுங்கள், நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவர் தேன் குறையாமல் சொன்னார்: "அது ஸ்கிராப் டெண்டர்ல போகும் சார். அதுக்கு மினிமம் அஞ்சு டன் எடுக்கணும்."

குப்பை எப்போது பொருளாகிறது?

பழைய பிரிண்டருக்குள் மை டப்பா ஓடுவதற்கு ஒரு கம்பி இருக்கும். நமக்கு வேண்டிய அதே வழவழப்பு, அதே நேர். இதைக் கண்டுபிடித்ததும் பழைய இரும்புக் கடைக்கு ஓடினேன். செத்துப்போன பிரிண்டர் ஒன்று முந்தின நாள் மழையில் நனைந்து வாசலில் கிடந்தது. அதன்மேல் ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, இது எவ்ளோ?" என்றேன். அவ்வளவுதான். அண்ணன் நாயை விரட்டினார், பிரிண்டரைத் துடைத்தார், உள்ளே தூக்கிப்போய் மேஜைமேல் வைத்தார். ஃபாரின் மாடல் என்றார். அவர் சொன்ன விலைக்கு ஓடுகிற பிரிண்டரே வாங்கலாம். இப்போதுதானே நாய் படுத்திருந்தது என்று முனகினேன். அதிசயமாக அது அவர் காதில் விழுந்துவிட்டது. "நீ கேக்குற வரைக்கும் அது குப்பை தம்பி. கேட்டதுக்கப்புறம் அது பொருள்."

உரைகல்

கெஞ்சிப் பேரம் பேசி வாங்கிவந்து, கம்பியைக் கழற்றித் துடைத்தேன். குழாய்க்குள் விட்டால் வெண்ணெயில் கத்தி மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. ஆடி முடிய இன்னும் நாள் இருந்தது. எனக்குப் பாட்டே வந்துவிட்டது.

அப்போதுதான் பக்கத்து வீட்டு மாமா வந்தார். ஜரிகை வியாபாரம். எங்கள் ஊரில் மினுக்குகிற எதையும் உரசிப் பார்க்காமல் நம்புவது பாவம். மாமா கம்பியைக் கையில் எடுத்தார், சட்டைப் பையிலிருந்து உரைகல்லை எடுத்தார். "மாமா, வேணாம்" என்றேன். வழக்கம்போல அது என் வாயைத் தாண்டவில்லை. கம்பியின் நடுவாகப் பார்த்து, சரக்... சரக்... என்று அழுத்தி இழுத்தார். கல்லை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் தோளைத் தட்டி, நிஜமான வருத்தத்தோடு சொன்னார்: "தங்கமும் இல்ல, வெள்ளியும் இல்ல. உன்னை நல்லா ஏமாத்திக்கினு இருக்கானுங்கபா."

ஆவணி பிறந்தது

உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கீறலைக் குறைத்தேன். கம்பி போனது, ஆனால் கோபத்தோடு போனது. ஆவணி முதல் நாள் காலையிலேயே அப்பா ஒரு புடவை வியாபாரியைக் கூட்டிக்கொண்டு ரூம் காட்ட வந்துவிட்டார். கடைசி முயற்சியாக விளக்கைக் கொளுத்தினேன். பதற்றத்தில் ஸ்பிரிட்டைக் கூடுதலாக ஊற்றியிருந்தேன். தீ குப்பென்று எழும்பியது.

வியாபாரி வைத்த காலை வாசலிலேயே நிறுத்தினார். "இன்னாப்பா இது? தெனம் கொளுத்துவியா?"

"ஓடுற வரைக்கும் கொளுத்துவேன் சார்." வாழ்க்கையில் முதல்முறையாக என் குரல் தெளிவாகக் கேட்டது.

"ரூம் உங்களுக்குன்னா இவன் மாடிக்குப் போயிடுவான் சார்" என்றார் அப்பா அவசரமாக.

"மேல தீ புடிச்சா கீழ வராதா? கல்யாணப் பட்டு வைக்கிற எடம் சார். நமக்கு ஒத்துவராது, ஆளை விடுங்க!"

வியாபாரி செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். ஊரெல்லாம் அலைந்து தேடிய கம்பி, சக்கரத்தை அரைச் சுற்று சுற்றிவிட்டு இறுகிக்கொண்டது. ரூமைக் காப்பாற்றியது இந்தக் கோயில் ஊரில் "எதுக்கு?" என்று யாரும் கேட்காமல் எனக்குக் கொடுத்த ஒரே பொருளான விளக்குத் திரிதான், அவர் தெருமுனை திரும்பும்வரை அது அணையவே இல்லை.