திருத்தணியில் தொலைந்த மொட்டை

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊரைப் பற்றிப் பிறகு. கைப்பேசிக்கு என் முகத்தையே பூட்டாக வைத்திருந்தவன் நான். அந்த முகத்தைத்தான் ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி மலைமேல் உட்கார்ந்து, முடி, தாடி, மீசை என்று பகுதி பகுதியாக வழித்துக் கொடுத்தேன். கூட்டத்தில் கைப்பேசி திருடுவார்கள் என்று நண்பன் பயமுறுத்தியதால், முந்தின இரவு கடவு எண்ணையும் மாற்றியிருந்தேன். எந்தத் திருடனாலும் ஊகிக்க முடியாத எண். விடிந்த பிறகு என்னாலும் முடியவில்லை.

நான் மலேசியாவில் பட்டர்வொர்த்காரன். சென்னையில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எல்லாரும் தமிழ் பேசுகிறார்கள், இதெல்லாம் ஒரு வெளிநாடா என்று திமிராகத் திரிந்தவன். பினாங்கில் அம்மாவுக்கு இதய அறுவை சிகிச்சை முடிவானதும், என் முடியைத் திருத்தணி முருகனுக்கு என்று என்னைக் கேட்காமலே நேர்ந்துவிட்டாள். "ஒன் மொட்டைய கண்ணால பாத்துட்டுத்தான் உள்ள போவேன்" என்று டாக்டரிடமும் சொல்லி வைத்திருந்தாள். அவளை உள்ளே அழைத்துப் போகும் நேரம் அங்கே மதியம் இரண்டரை. இங்கே பன்னிரண்டு. அதற்குள் நான் அவளுக்கு முகம் காட்ட வேண்டும். வந்த வேலை அவ்வளவுதான்.

சென்ட்ரலிலிருந்து மின்சார ரயில். எண்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் இருபது ரூபாய். கூட வந்தவன் என் வகுப்பு நண்பன் ஜெகன், பள்ளிப்பட்டுக்காரன். மணவூரில் ஏறிய கும்பல் எங்களைச் சன்னலோடு அப்பியது.

"கொஞ்சம் தள்ளுங்க லா," என்றேன்.

"டேய், இந்த மலேசியா லாவ ரயில்லயே வுட்டுட்டு எறங்கு. மொட்ட போடறவன் பயந்து காத அறுத்துடப் போறான்," என்றான் ஜெகன்.

காலை பத்தரை. மலைமேல் முடி இறக்கும் கூடத்தில் தரையெல்லாம் ஈர முடி. நாவிதர் என் தாடையை ஒரு விரலால் தூக்கி, "மீசையும் எடுத்துரட்டா தம்பி?" என்று கேட்டார். எது வழக்கமோ அதைச் செய்யுங்கள் என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் என்னிடம் நானென்று சொல்ல மூக்கு மட்டும் மிச்சம். என் மூக்குக்கண்ணாடி, பணப்பை, செருப்பு எல்லாம் ஜெகனின் பையில் இருந்தன. மஞ்சள் வேட்டியும் கையில் கைப்பேசியுமாக என்னை நிறுத்திவிட்டு, "தேங்கா பழம் வாங்கிக்கினு வரேன். இங்கயே நில்லு, நவுராத," என்று சொல்லிவிட்டுப் போனான்.

குழாயில் குளித்துச் சந்தனம் பூசிக்கொள்ள மட்டும் நகர்ந்தேன். ஈரத்தோடு வெளியே வந்தபோதுதான் அது நான் நுழைந்த வாசல் இல்லை என்று தெரிந்தது. கைப்பேசியை முகத்துக்கு நேராகப் பிடித்தேன். முகம் பொருந்தவில்லை என்றது. சந்தனத்தைத் துடைத்துவிட்டுச் சிரித்துக் காட்டினேன். பொருந்தவில்லை. அழுவதுபோலவும் காட்டினேன். பிறகு எண்களைத் தட்டத் தொடங்கினேன். ஐந்து தவறுக்குப் பின் அது கறுத்துப் போய், ஒரு மணி நேரம் என்னோடு பேச மாட்டேன் என்றது. ஜெகனாவது கூப்பிடுவான் என்றால், என் சிம்முக்கு அங்கே சிக்னலும் இல்லை.

தலையை நிமிர்த்தினேன். கண்ணாடி இல்லாத கண்ணுக்குத் திசை எங்கும் சந்தன நிற உருண்டைகள். எல்லா உருண்டைக்கும் கீழே மஞ்சள் துணி. அவற்றில் எதற்கும் முகம் இல்லை. ஜெகனைத் தேடித் திரும்புவதற்குள் காவடிக் கூட்டம் ஒன்று என்னை உள்ளே இழுத்துக்கொண்டு படி இறங்கியது. கால் தரையில் பட்டதாகவே நினைவில்லை. மலையடிவாரத்துச் சரவணப் பொய்கைக் கரையில் கொண்டுபோய்ப் போட்டது.

ஒருவரிடம் வழி கேட்டேன். "தெலீது," என்றார் தெலுங்கில். அடுத்தவர், அதற்கடுத்தவர், எல்லாரும் ஆந்திரத்திலிருந்து வந்தவர்கள். என்னைப் போல அவர்களுக்கும் இது அயலூர். தமிழ் தெரிந்த ஒருவர் கிடைத்தார். மலேசியாவுக்கு ஒரு போன் பண்ண வேண்டும் என்றேன். அவர் தன் கைப்பேசியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு கூட்டத்துக்குள் மறைந்தார்.

உள்ளூர்க்காரர் யாராவது வீட்டில் இருப்பார்கள் என்று பக்கத்துத் தெருவுக்குள் நுழைந்தேன். அதுதான் இரண்டாவது முட்டாள்தனம். நான்கு வீடு தாண்டியதும் சத்தம் நின்றுவிட்டது. ஊர் மொத்தமும் மலையில் இருந்தது. ஒவ்வொரு கதவிலும் பூட்டு. வாசல்களில் கோலம் இன்னும் ஈரமாக இருந்தது, போட்ட கையைத்தான் காணோம். வானம் மூடியிருந்ததால் என் நிழலும் கூட வரவில்லை. அரோகரா சத்தம் முதலில் வலப்பக்கம் கேட்டது. அதை நோக்கித் திரும்பினேன். இடப்பக்கம் கேட்டது. மலையைப் பார்த்து நடந்தால் வழி தவறாது என்று நினைத்தேன். ஒரு சந்தின் முனையில் மலை எனக்குப் பின்னால் இருந்தது.

தெருக் கோடியில் பூட்டிய வளையல் கடை. அதன் பக்கத்தில் ஒரு மொட்டை ஆள் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே," என்றபடி ஓடினேன். அவனும் ஓடி வந்தான். விலகினேன், விலகினான். கடை வாசலில் மாட்டியிருந்த கண்ணாடி அது. எங்கள் ஊரில் தைப்பூசத்துக்கு மொட்டை போட்டால், பின்னந்தலையைப் பார்த்தே யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லப் பத்துப் பேர் இருப்பார்கள். இங்கே எதிரே நின்றும் எனக்கே தெரியவில்லை.

அப்போது என் சுட்டுவிரலை ஒரு சின்னக் கை பிடித்தது.

"நைனா, பீப்பி வாங்கிக்குடு," என்றது.

நான்கு வயது இருக்கும். அதற்கும் மொட்டை.

"நான் உன் நைனா இல்ல," என்றேன்.

"ஆங்," என்றது குழந்தை. விரலை விடவில்லை.

சந்திலிருந்து ஒரு பெண் வேகமாக வந்தாள். என் முகத்தைப் பார்க்காமலே ஒரு கட்டைப்பையை என் கையில் திணித்துவிட்டு முன்னால் நடந்தாள். "பீப்பி வாங்க கூட்டிக்கினு போன ஆளு இங்க வந்து நின்னுகினு கீறயா பாவா? புள்ளைய தொலைச்சிருந்தா இன்னா பண்ணுவ?"

"அக்கா, நான் வந்து..."

"பேசாத. உன்கிட்ட காத்தாலருந்து நான் பேசறதில்ல. நடயா."

பேசாமல் நடந்தேன். கையில் பை இருந்தது, விரலில் குழந்தை இருந்தது, முன்னால் திட்டுவதற்கு ஒரு பெண்ணும் இருந்தாள். அந்தத் தெருவில் அவ்வளவு உறுதியாக என்னை இன்னார் என்று சொன்னவள் அவள் ஒருத்திதான். பொதட்டூர்பேட்டைக்கு எந்த பஸ், வீட்டில் தறி எத்தனை நாளாக நின்று கிடக்கிறது, அவளுடைய அண்ணனிடம் நான் எப்படி மரியாதையில்லாமல் பேசினேன் என்றெல்லாம் அவள் சொல்லிக்கொண்டே போனாள். பேசியிருப்பேன் என்றே தோன்றியது. பட்டர்வொர்த், கல்லூரி, ஜெகன் எல்லாம் எங்கோ கேட்ட கதைபோல விலகிக்கொண்டே போனது. பினாங்கில் கட்டிலில் படுத்திருப்பது யாருடைய அம்மா?

எதிரே ஒருவன் ஓடி வந்தான். மஞ்சள் வேட்டி, சந்தன மொட்டை, என் உயரம், என் ஒடிசல். கையில் பீப்பி.

அந்தப் பெண் நின்றாள். அவனைப் பார்த்தாள். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஐயோ, யாரு இது?"

குழந்தை அவனைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. என் விரலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

"யாருப்பா நீ? எம் பொண்டாட்டி பின்னாடி பைய தூக்கிகினு போற?" என்றான் அவன்.

மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்: அம்மா, ஆபரேஷன், மொட்டை, பூட்டிய கைப்பேசி. அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டாள். "திட்டத் திட்ட எதிர்த்துப் பேசலியே, அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும்," என்றாள். பிறகு கணவனை முழங்கையால் இடித்தாள். "போன எடுத்துக் குடு பாவா. பாவம், அம்மான்றான்."

அவன் கைப்பேசியைப் பார்த்தான். "பன்னெண்டுக்கு நாலு நிமிஷம்தான் கீது. நம்பர் தெரியுமா?"

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் அதுதான். பள்ளிக்கூட நாளில் அம்மா காதைத் திருகிச் சொல்லிக் கொடுத்தது. வீடியோ அழைப்பில் மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். திரை பச்சையாக நடுங்கி நின்றது. பச்சைத் தொப்பி போட்ட ஒரு வெளுத்த முகம், நெற்றியில் பொட்டில்லை, பின்னால் கட்டிலைத் தள்ளப் பிடித்திருக்கும் இரண்டு கைகள். யார் என்று ஒரு கணம் எனக்கும் தெரியவில்லை.

"மா," என்றேன். "மொட்ட போட்டுட்டேன் மா. பாரு."

என் தோளுக்கு மேலாகக் குழந்தையின் நைனாவும் எட்டிப் பார்த்தான். குழந்தையையும் தூக்கிக் காட்டினான். மூன்று மொட்டைகளையும் அம்மா ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்த்தாள். கடைசியில் அவள் பார்வை என்னிடம் வந்து நின்றது.

"தம்பி, போன என் மகன்கிட்ட குடுங்க."