பாம்பின் நடு உடம்பு

எண்பதுகளின் பின்பாதி. காட்பாடியில் ஓர் ஆஸ்பத்திரி லேப் டெக்னீஷியன் தன் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் கிளப் நடத்தினார். ஞாயிறுதோறும் பத்துப் பேர் கூடுவோம். டிவியோடு இணைத்த குட்டி மெஷின் ஒன்றே ஒன்று. மாதப் போட்டியில் ஜெயித்தவர், தன் புரோகிராமின் சூட்சுமத்தை எல்லோருக்கும் போர்டில் எழுதிக் காட்ட வேண்டும். அது கிளப் சட்டம். இதற்குப் பயந்தே, நல்ல சரக்கு கைவசம் உள்ள சிலர் போட்டிப் பக்கம் தலைகாட்ட மாட்டார்கள். அவர்களைக் கண்டாலே எனக்கு எரியும்.

நான் சத்துவாச்சாரியில் கணக்கு டீச்சர். வாரத்துக்கு ஒரு மணி நேரம் அந்த மெஷின் என் கைக்கு வந்தால் பெரிது. ஆம்பூரில் தோல் கம்பெனி ஆபீசில் இருந்த ஒரு உறுப்பினருக்கோ, அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சொந்த மெஷினே வீட்டில் இருந்தது.

அந்த மாதம் பாம்பு விளையாட்டு. இரை தின்னத் தின்னப் பாம்பு நீளும். நீள நீள எல்லோருடைய பாம்பும் நொண்டியது, என்னுடையது மட்டும் ஒரே வேகத்தில் ஓடியது. ஜெயித்துவிட்டேன். ஆனால் சாக்பீஸை எடுத்தபோது தயங்கினேன். மெட்ராஸ் போட்டிக்கு கிளப்பிலிருந்து ஒரே ஒருவரை, இதே பாம்பு விளையாட்டை மறுபடி ஓட்டிப் பார்த்து, அடுத்த ஞாயிறு தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். போக வேண்டும் என்று எனக்கு அப்படி ஓர் ஆசை. ஆம்பூர்க்காரர் முன்னாலேயே பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

ஒளிக்காமல் எழுதினேன். ஒவ்வொரு அடிக்கும் புதுத் தலையை வரை, பழைய வால் நுனியை அழி. அவ்வளவுதான்.

"நடு உடம்பு?" என்றார் அவர்.

"அதத் தொடவே வேணாம் சார். அது ஏற்கெனவே ஸ்க்ரீன்லதானே இருக்கு?"

சிரித்தார். நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

அடுத்த ஞாயிறு, அவர் வீட்டில் எழுதிக் கேசட்டில் பதிந்து கொண்டுவந்த புரோகிராம் லோடாகி முடிந்தது. கலர், பாட்டு, ஸ்கோர், எல்லாம் அமர்க்களம். பாம்பு மட்டும் நகர மாட்டேன் என்றது. எல்லோர் முன்னாலும் என் பக்கம் திரும்பினார்.

"ஒரு வாரமா பேஜாரா இருக்குது டீச்சர். எதையோ மறைச்சிட்டு எழுதிட்டீங்க."

எனக்காக ஒருவரும் வாய் திறக்கவில்லை. கிளப் நடத்தும் டெக்னீஷியன்கூட என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. புரோகிராமைத் திரையில் காட்டச் சொன்னேன். படித்ததுமே புரிந்தது. நான் எதையோ விட்டிருப்பேன் என்று தானாக முடிவுகட்டி, நடு உடம்பை ஒவ்வொரு அடிக்கும் மறுபடி வரைய நாலு வரி சேர்த்திருந்தார். வேகத்தைத் தின்றது அதுதான்.

வாயை மூடிக்கொண்டால் மெட்ராஸ் எனக்கு. கூடவே மறைத்தவள் என்ற பேரும் எனக்கு. சொன்னால் மெட்ராஸ் அவருக்கு. எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்களா சேத்தீங்களே, இந்த நாலு வரி, இத அழிங்க சார்," என்றேன்.

அழித்தார். பாம்பு பிய்த்துக்கொண்டு ஓடியது. கைதட்டினார்கள், அவருக்கு. மெட்ராசுக்கும் அவரையே அனுப்புவதாக முடிவானது. பார்க்க அழகாக இருந்தது அவருடையதுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை.

வாசலில் செருப்பை மாட்டும்போது அவர் என் பக்கத்தில் வந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"டீச்சர்," என்றார் மெதுவாக, "நெஜமாவே வேற எதுவும் மறைக்கலியே?"