கரடிக்கு ஒரு துவக்கு

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். நீ காசு குடுத்து அதை வாங்கப் போறியோ? படிச்ச பிள்ளை செய்யிற வேலையோ?"

போன மாதம் பெரியப்பா கேட்டது. கேட்டுவிட்டு, தேநீரைக்கூடத் தொடாமல் எழும்பிப் போய்விட்டார்.

படித்ததால்தானே இந்த வேலை! எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். காட்டு விலங்குகளைப் பற்றிப் படித்தேன். ஜூனில் கனடாவின் வடக்கே போகிறேன் – ரோடு முடிகிற இடத்துக்கும் அப்பால், மூன்று மாதம் கூடாரத்தில் இருந்து மான்களை எண்ண. அங்கே கரடி உண்டு. கரடி வந்தால் சுட, குழுவில் ஒருவர் சொந்தத் துவக்கோடு நடக்க வேண்டும். எங்கள் குழுவில் அது நான். துவக்கு இல்லையென்றால் வேலையும் இல்லை.

லைசென்ஸ் கையில். கடைக்கு லிஸ்ட்டோடு போனேன். ஒரு சாமானை மூன்று தேவைக்கு வாங்கினால்தானே நமக்குத் திருப்தி? உயிர் தப்ப, வீட்டைக் காக்க, வேட்டையாட... மூன்றுக்கும் ஒரே ரைஃபிள்.

கடைக்காரர் நரைத்த மீசைக்காரர். லிஸ்ட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"வீட்டைக் காக்கவா, மதாம்? சட்டப்படி துவக்குக்கு ஒரு பூட்டு, குண்டுக்கு ஒரு பூட்டு. நீங்கள் இரண்டையும் திறப்பதற்குள் கள்ளன் உங்கள் சோபாவில் இருந்து கோப்பி குடித்து முடித்துவிடுவான்."

உயிர் தப்ப என்றால் சின்ன ரைஃபிள் போதுமாம். பாரமில்லை, முயல் சுட்டுச் சாப்பிடலாம். ஆனால் அதைக்கொண்டு கரடியைச் சுட்டால் கரடிக்குக் கோபம்தான் வரும். பெரியதைத் தோளில் வைத்துப் பார்த்தேன் – இதைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் முழுக்க நடப்பதா?

"எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்" என்றார்.

அந்தக் கேள்வி என்னோடு மெட்ரோ ஏறியது. யோசனையில் இரண்டு ஸ்டேஷன் தாண்டிப் போய், திரும்பி வந்தேன்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். டிவியை நிறுத்தினார்.

"இந்த வீட்டுக்குள்ள வேண்டாம், பிள்ளை."

"இரும்பு அலுமாரியில பூட்டித்தான் வைப்பன், அப்பா."

"ஓம், நீ பூட்டுவாய். நான் நித்திரை கொள்ள வேணுமே?"

"ஒரு ஆபத்தெண்டால் உயிர் தப்பவும்..." என்று இழுத்தேன்.

அப்பா வாசல் பக்கம் கையைக் காட்டினார். அங்கே அம்மாவின் பை. பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், நகை, ஆளுக்கு ஒரு சோடி உடுப்பு. யாழ்ப்பாணத்தில் ஷெல் விழும்போது தூக்கிக்கொண்டு ஓடக் கட்டிய பழக்கம், மொன்ட்ரியால்-நோரின் மூன்றாம் மாடியிலும் அவிழவில்லை. என் டிகிரியும் அதற்குள்தான் இருக்கிறது.

"நாங்கள் தப்பினது அதால. துவக்கு வச்சிருந்த ஒருத்தரும் எங்களோட ஓடி வரேல்லை."

அவ்வளவுதான். டிவியைத் திரும்பப் போட்டார்.

அப்பாவின் நித்திரையா, என் வேலையா? இரண்டு வாரம் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. பால் வாங்கத் தெருமுனை டெப்பனர் கடைக்குப் போவேன், பால் இல்லாமல் வருவேன். வேலையை விட்டுவிடுகிறேன் என்று ஈமெயில் எழுதினேன்... அழித்தேன். மறுநாளும் எழுதினேன். அதையும் அழித்தேன்.

கடைசியில் லிஸ்ட்டில் கரடி மட்டும் மிஞ்சியது. பெரிய ரைஃபிளை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். வீட்டைக் காப்பதா? அதற்கு இருக்கிற ஒரே வழி, துவக்கை வீட்டுக்குக் கொண்டு வராமல் இருப்பதுதான்.

வியாழக்கிழமை, நகரத்தின் மறுகோடியில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு அறைக்குக் கையெழுத்து வைத்தேன். கலியாணம் கட்டாத பிள்ளைக்குத் தனி அறையோ என்று அம்மா இன்னும் என்னோடு கதைக்கவில்லை. கட்டில் வரவில்லை, திரைச்சீலை இல்லை.

துவக்குக்கான இரும்பு அலுமாரியை மட்டும் சுவரோடு சேர்த்துத் திருகாணி முடுக்கியாயிற்று.