முனை ராவிய தோட்டாக்கள்

துப்பாக்கித் தோட்டாவின் முனையில் ஏன் பெயிண்ட் அடிக்கிறார்கள், தெரியுமா உங்களுக்கு? மெக்கானிக்கல் டிகிரி வைத்திருந்தும் எனக்குத் தெரியாது. கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கும் எங்கள் கம்பெனிக்கு, வெளிநாட்டுக் கண்டெய்னரில் ஒரு வாளித் தோட்டாக்கள் வந்தன. போனில் தேடினேன். நாட்டுக்கு நாடு மாறுமாம். பெரும்பாலும் சிவப்பு ஒளிவிட்டுக்கொண்டே பறப்பது, கறுப்பு இரும்பைத் துளைப்பது, நீலம் தீ வைப்பது. வாளியில் நீல முனைகளும் இருந்தன. அவற்றைக் காட்டினால் மேனேஜர் பயந்து போலீசைக் கூப்பிடுவார் என்று கெத்தாக யார்டுக்குப் போனேன்.

தரம் பிரிக்கும் அண்ணன் அதற்குள் எல்லா முனையையும் அரத்தால் ராவியிருந்தார். எது வந்தாலும் முதலில் ராவிப் பார்ப்பதுதான் யார்டு வழக்கம்.

"இன்னாண்ணா, கலரெல்லாம் போச்சே!"

"கலர வச்சிக்கினு இன்னா பண்றது? உள்ள பித்தளையா இரும்பானு பாக்க வேணாமா?"

"உலையில வெடிக்கும்ணா. நீதான அங்க நிக்கிற?"

"நான் நிக்காங்காட்டி நீ நிப்பியா இன்ஜினியரு?"

வாளியோடு மேனேஜரிடம் போய், முனையில் நீலக் கலர் இருந்தது, தீப்பிடிக்கும் தோட்டா என்றேன். எட்டிப் பார்த்தார்.

"எங்கப்பா கலரு? ராவுனதுல இரும்புதான் தெரியுது. குவியல்ல கொட்டு. போலீசு வந்து பிளான்ட்ட மூடுனா, எல்லாரும் உங்க ஊட்லதான் நாஷ்டா."

தோட்டாக்களைக் குவியலில் கொட்டிவிட்டார்கள். கிரேன் அள்ளிக்கொண்டிருக்கிறது. உலை வாயில் இப்போது அண்ணன் நிற்கிறார்.